ஆவன யாவை?

நிலாத்துறையில் காலையில் எழுந்ததும் யாரும் முதலில் பல் துலக்குவதில்லை. சுவரைப் பிழிவார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாசிச்சுவர் உண்டு. தரையிலிருந்து கூரை வரை இரட்டைக் கண்ணாடி, நடுவே பச்சைக் குழம்பு. விளக்கொளியில் அந்தப் பாசி காற்றைப் புதுப்பித்து, வீட்டார் மூச்சுக்குப் போக மிச்சத்தை மேலே ஒரு கலத்தில் சேர்த்து வைத்திருக்கும். கைப்பிடியை ஏழு முறை அழுத்தினால் மிச்சம் ஒரு குப்பிக்குள் இறங்கும். வேலைக்குப் போகும் வழியில் அந்தக் குப்பியை மூச்சு வங்கியின் வாசல் குழாயில் செருகிவிட்டுப் போவார்கள். ஒரு ஆள் ஒரு நாள் உயிரோடிருக்க வேண்டிய காற்றுக்கு ஒரு நாள்மூச்சு என்று பெயர். நிலவில் ஒருவனின் வசதியை அந்த அலகில்தான் சொன்னார்கள்.

பழக்கங்களும் அதற்கேற்ப மாறியிருந்தன. பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடினால் தாய்மார் அதட்டியது விழுந்துவிடுவார்களே என்பதற்காக அல்ல. கல்யாணப் பத்திரிகையில், 'சுற்றமும் நட்பும் சூழ, தங்கள் மூச்சுடன் வருகை தந்து' என்று அச்சடிப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படவில்லை. சத்தம் போட்டுப் பேசுகிறவனுக்கும் எதற்கெடுத்தாலும் அழுகிறவனுக்கும் ஊரில் ஒரே பெயர்: செலவாளி.

கோவேந்தன் செலவாளி அல்ல. நாற்பத்தொரு வயது. சட்டத் துறையில் சொல்லாளர். அதாவது, மற்றவர்கள் சண்டை போட்டு முடித்த பிறகு, அந்தச் சண்டையைச் சட்டமாக எழுதுகிறவர். அன்று காலை தனியாகச் சுவரைப் பிழிந்தார். மனைவி நறுமுகையை முந்தின நாள் மாலையே மருத்துவமனையில் சேர்த்தாகிவிட்டது. இன்று மாலைக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

நிலாத்துறையில் குழந்தை பெறுவதற்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. பத்து வயதில்தான் ஒரு பிள்ளைக்குத் தனிப் பாசி ஒதுக்குவார்கள். அதுவரை அது மூச்சு விட, பத்தாண்டுக் காற்றைப் பெற்றோர் அதன் பெயரில் மாற்றி, பிரசவத்துக்கு முன் பத்திரத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தாயும் பிள்ளையும் பழைய குமிழுக்குப் போக வேண்டியதுதான். முதல் குடியேறிகள் கட்டிய அந்தக் குமிழில் காற்றை மெலிதாகவே வைத்திருப்பார்கள். அங்கே வளரும் பிள்ளைகள் பகலில் பாதி நேரம் தூங்கும். அழுதால் சத்தம் வராது. தகப்பன் மாதம் ஒருமுறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

கோவேந்தனும் நறுமுகையும் அந்தப் பத்தாண்டு மூச்சைச் சேர்க்கப் பதினோரு வருடம் பிடித்தது. முழுதாகச் சேர்ந்தும் நான்கு மாதமாகிவிட்டது. பெயர் மாற்றிவிடுங்கள் என்று நறுமுகை சொல்லும்போதெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்: "உரிய நேரத்துல செஞ்சிடலாம்."

உரிய நேரம் இன்று காலை பத்து மணி என்று ஆகிவிட்டது.

மூச்சு வங்கியின் கூடத்தில் அவருக்கு முதல் எண் சீட்டு கிடைத்தது. இரண்டாம் எண் காதர் மைதீனிடம் இருந்தது. நிலாத்துறையிலேயே நிஜ நெருப்பில் புரோட்டா போடும் ஒரே கடை அவருடையது. அவருடைய அடுப்பு ஒரு நாளில் எட்டு ஆள் மூச்சைத் தின்றுவிடும். அதனால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வங்கிக்கு வந்துவிடுவார். மேலாளர் ஜெபமணி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அம்மையாரின் தலைக்கு மேல் சுவரில் வங்கியின் அழுத்தமானி. நிலவறைத் தொட்டிகளில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் பெரிய வட்டம். அதை மறைத்தபடி ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது.

அழுத்தமானியை வாடிக்கையாளர் எளிதில் காணத்தக்க இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. எளிதில் காணத்தக்க இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் காலண்டர் மாட்டக்கூடாது என்று விதியில் இல்லை. அந்த விதியை எழுதியவரும் கோவேந்தன்தான்.

"ஐந்தாம் குமிழ்ல ஓட்டையாமே மேடம்," என்றார் காதர் மைதீன். "உங்க பேங்க்தான அதுக்குக் காத்து கடன் குடுத்தீய? எல்லாக் காத்தும் வெளிய போயிட்டுன்னு கடையில வந்து சொல்லுதானுவ."

நிலைமை கண்காணிக்கப்பட்டு வருகிறது என்று ஜெபமணி சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கை தானாக உயர்ந்து காலண்டரை நேராக்கியது.

கோவேந்தன் மாற்றுப் படிவத்தைத் தடுப்புக்கு அடியில் நீட்டினார். ஜெபமணி முத்திரையை எடுத்தார். அப்போதுதான் கதவுகள் மூடின.

வேகமாகக்கூட மூடவில்லை. அரசு அலுவலகக் கதவு மதிய இடைவேளைக்கு மூடுமே, அப்படி மெல்ல வந்து ஒரு சின்னச் சத்தத்தோடு பொருந்தின. கூரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வணக்கம். நலிவுறு வங்கித் தலையீட்டுச் சட்டம், பிரிவு ஒன்பதின்படி இவ்வங்கியில் ஆவன செய்யப்பட்டு வருகிறது."

குரல் ஆணைப்பொறியுடையது. நிலாத்துறையின் சட்டங்களைச் செயல்படுத்துவது அதன் வேலை. சட்டம் மனிதர்களுடையது, கை அதனுடையது. மனிதர்கள் சட்டத்தைச் செயல்படுத்தினால் தாட்சண்யம் பார்ப்பார்கள் என்பதால், கதவு, குழாய், விளக்கு, தொட்டி எல்லாம் அதனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. அதற்குத் தமிழ் கற்பித்தபோது செலவைக் குறைக்க அரசுக் கோப்புகளை மட்டும் கொடுத்திருந்தார்கள். அதனால் அது எப்போதும் கோப்பு போலவே பேசியது.

பிரிவு ஒன்பதை எழுதியவரும் கோவேந்தன்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன் அந்தச் சட்டம் பதினான்கு மாதம் குழுவில் கிடந்தது. இருப்பு நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போனதுமே வங்கியை மூட வேண்டும் என்றது வைப்பாளர் சங்கம். நாற்பது வரைக்கும் தொடக்கூடாது என்றார்கள் வங்கி நடத்தியவர்கள். மூடுவது யார், எப்போது, மூடினால் மிச்சம் யாருக்கு என்று ஒவ்வொரு வரியிலும் மேசையைத் தட்டினார்கள். பதினைந்தாவது மாதம் கோவேந்தன் ஒரு வரியைக் கொண்டுவந்தார்: 'ஒரு மூச்சு வங்கி நலிவடையக்கூடும் எனக் கருத இடமிருப்பின், உரிய அமைப்பு, உரிய காலத்தில், ஆவன செய்யும்.' இரு தரப்பும் ஒருமுறை படித்தார்கள். தாங்கள் கேட்டது அதில் இருப்பதாக இரு தரப்புக்குமே தோன்றியது. அன்று மாலையே கையெழுத்தாயிற்று. கோவேந்தனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது, பொன்னாடையும் போர்த்தினார்கள்.

சிக்கல் மறுநாளே தொடங்கியது. ஆணைப்பொறி ஒரு கடிதம் அனுப்பியது. ஒரே வரி: 'ஆவன யாவை?' சூழலுக்கு ஏற்ப முடிவு செய்யப்படும் என்று கோவேந்தன் பதில் எழுதினார். அடுத்த மாதம் மீண்டும் வந்தது. சென்ற கடிதத்தின் பதிலைப் பார்க்கவும் என்று எழுதினார். இப்படி ஒன்பது வருடத்தில் நூற்றெட்டுக் கடிதங்கள். கடைசியாக எழுதிய பதில்களை அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"என்ன செய்யப்பட்டு வருகிறது?" என்று இப்போது கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"இருப்பு முப்பத்தொரு விழுக்காடாகக் குறைந்துள்ளது," என்றது ஆணைப்பொறி. காலண்டர் ஒரு நொடி ஆடியது. "நலிவு எனக் கருத இடமிருக்கிறது. எனவே ஆவன செய்ய வேண்டும். ஆவன யாவை எனத் துறை தெரிவிக்கவில்லை. ஆகையால் துறையின் கோப்புகளிலேயே தேடினேன். 'ஆவன செய்யப்படும்' என்று எழுதப்பட்ட கோப்புகள் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு. அவ்வாறு எழுதிய பின் உண்மையில் என்ன செய்யப்பட்டது என்பதைத் தொகுத்தேன். பெரும்பான்மைக் கோப்புகளில் செய்யப்பட்டவை மூன்று. கோப்பு மூடப்பட்டது. கதவு மூடப்பட்டது. மனுதாரர் காத்திருக்க வைக்கப்பட்டார். அம்மூன்றும் இங்கு நிறைவேற்றப்பட்டுள்ளன."

காதர் மைதீன் சிரித்துவிட்டார். பிறகு, கதவு நிஜமாகவே மூடியிருப்பதைத் திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று ஜெபமணி கேட்டார்.

"கோப்புகளின்படி சராசரிக் காத்திருப்பு நான்கு ஆண்டு இரண்டு மாதம். இக்கூடத்தில் மூவருக்கான காற்று ஒன்பது மணி நேரம். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குறித்துத் துறைக்கு எழுதப்பட்டுள்ளது."

அவர்கள் காலுக்குக் கீழே நிலவறையில் இலட்சக்கணக்கான நாள்மூச்சு கிடந்தது. அதிலிருந்து ஒரு குப்பிகூட மேலே வராது. கணக்குகள் முடக்கத்தில் இருந்தன.

முதல் மணி நேரத்தில் மூவரும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். ஜெபமணி தலைமை அலுவலகத்தை அழைத்தார். விஷயம் மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும் என்றார்கள். காதர் மைதீன் நாற்காலியால் கதவைத் தட்டினார், நாற்காலி உடைந்தது. கோவேந்தன் தன் துறைச் செயலாளர் அருணகிரியை அழைத்தார். அருணகிரி அக்கறையோடு கேட்டார், இரண்டு முறை அடடா என்றார், உடனே ஆவன செய்வதாகச் சொன்னார்.

இரண்டாவது மணியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, நிலவில் பிறந்தவர்களுக்கு அது உடம்பிலேயே இருக்கும். ஜெபமணி தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். காதர் மைதீன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். கோவேந்தன் தன் மாற்றுப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். முத்திரை விழ வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

மதியம் ஒரு மணிக்கு நறுமுகை அழைத்தாள். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"பத்திரம் கைக்கு வந்துட்டா?"

வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றார்.

"ஏங்க, இது உங்க ஆபீஸ் இல்ல. வந்துட்டா, வரல்லையா?"

"வரல."

அவர் அவளிடம் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் அவளுக்கு வலி வந்திருக்க வேண்டும். யாரோ அவள் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் கோவேந்தனுக்குச் சட்டத்தின் கடைசிப் பிரிவு நினைவுக்கு வந்தது. எல்லாச் சட்டத்தின் வாலிலும் ஒட்டவைக்கும் பிரிவு, யாரும் படிப்பதில்லை. சட்டத்தைச் செயல்படுத்துவதில் இடர்ப்பாடு ஏற்பட்டால், வரைந்தவர் ஒரு வரியில் தெளிவுரை தரலாம். அவர் பெயர் அதன் கீழ் இருக்க வேண்டும்.

எழுந்து நின்று அதைச் சொன்னார். ஆணைப்பொறி காத்திருந்தது போல உடனே பதில் சொன்னது.

"ஆம். ஒன்பது ஆண்டுகளாக அதைத்தான் கேட்டுவந்தேன்."

தடுப்பின் கண்ணாடியில் வெள்ளைக் கட்டம் ஒன்று தோன்றியது. கோவேந்தன் எழுத்தாணியை எடுத்தார். கை தானாக ஓடியது: 'வங்கியின் நிலையைக் கருத்தில்கொண்டு, வைப்பாளர் நலன் பாதிக்கப்படாவண்ணம், தக்க நடவடிக்கை எடுக்கலாம்.'

"தக்க என்பது யாது?" என்றது ஆணைப்பொறி. "எடுக்கலாம் என்றால், எடுக்காமலும் இருக்கலாமா?"

அழித்தார். 'தற்காலிகமாகவும் பகுதியளவிலும் மூடுக' என்று எழுதினார்.

"எத்தனை நாள்? எந்தப் பகுதி?"

மூன்றாவதாக எழுதியதைப் படித்துவிட்டு ஆணைப்பொறி எதுவும் கேட்கவில்லை. கட்டம் தானாகக் காலியானது. காதர் மைதீன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நம்ம கடையில ஒருத்தன் வந்து, சூழலுக்கேத்தாப்ல ரெண்டு புரோட்டா போடுன்னா நான் என்னத்தப் போட?" என்றார்.

செயல்படுத்தக்கூடிய வாக்கியங்கள் இரண்டே என்று ஆணைப்பொறி விளக்கியது. வங்கி நலியவில்லை, திறக்கலாம் என்று எழுதலாம். கதவு திறக்கும், சீட்டு எண் வரிசையில் கேட்டவருக்குக் கேட்ட காற்று முழுதாகத் தரப்படும், பதினோராயிரம் வைப்பாளரில் ஏறக்குறைய மூவாயிரத்து நானூறாவது ஆளோடு தொட்டி காலியாகும். அல்லது, வங்கி விழுந்தது, மூடுக என்று எழுதலாம். இருப்பது எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பிரிக்கப்படும். நூறு போட்டவருக்கு முப்பத்தொன்று. அப்போதும் கதவு திறக்கும்.

கோவேந்தன் கையில் இருந்தது முதல் எண் சீட்டு. திறக்கலாம் என்று எழுதினால் அடுத்த நிமிடம் பத்தாண்டும் பிள்ளையின் பெயருக்குப் போய்விடும். மூடுக என்று எழுதினால் கைக்கு மூன்றாண்டும் சொச்சமும் வரும். பதினோரு வருடம் சுவரைப் பிழிந்ததில் முக்கால்வாசி போய்விடும். மருத்துவமனை வாசலில் மூன்றாண்டுப் பத்திரத்தோடு யாரையும் விட்டதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

இரண்டில் எதை எழுதினாலும் கீழே அவர் பெயர் இருக்கும். அதுதான் அவரை இன்னும் கூடுதலாக அரித்தது. இருபது வருட வேலையில் தன் பெயரும் ஒரு முடிவும் ஒரே தாளில் வராமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

ஜெபமணி எழுந்துபோய்க் காலண்டரைக் கழற்றினார். வெள்ளை வட்டத்தில் முள் இடது பக்கமாகச் சரிந்து கிடந்தது. "ஆறு மாசமா இறங்கிட்டேதான் சார் இருக்கு," என்றார். "எந்த அளவுல சொல்லணும்னு சட்டத்துல தேடினேன். இல்ல."

காதர் மைதீன் தன் சீட்டை விரலிடுக்கில் திருப்பிக்கொண்டிருந்தார். "எனக்கு ரெண்டாம் நம்பர்," என்றார். "தொறன்னு எழுதினியன்னா எனக்கும் லாபந்தான். வேண்டாம்னு சொல்லல. ஆனா நாளைக்கு எவன் வந்து கடையில திங்கப்போறான்? மூச்சு இல்லாதவனுக்குப் பசிக்காதுல்லா."

மூன்று மணிக்குக் காற்று கனத்தது. கோவேந்தனுக்குக் கண்ணோரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஆடின. நறுமுகை மீண்டும் அழைத்தாள். இம்முறை அவர் எல்லாவற்றையும் சொன்னார்: முதல் சீட்டு, முப்பத்தொன்று, இரண்டு வாக்கியங்கள். சொல்லி முடிக்கும்போது, இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கும் என்று தோன்றுவதாகவும் சொன்னார்.

"கல்யாணத்துக்குச் சம்மதமான்னு எங்கப்பா கேட்டப்ப, பரிசீலிக்கலாம்னு சொன்ன ஆளு நீங்க," என்றாள் நறுமுகை. ஒரு நீண்ட மூச்சுக்குப் பிறகு சொன்னாள்: "ஏதாவது ஒண்ண எழுதுங்க. ரெண்டையும் எழுதாதீங்க."

கோவேந்தன் எழுத்தாணியை எடுத்தார். 'வங்கி விழுந்தது. மூடுக. இருப்பதை எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பிரிக்க.' மூன்று வாக்கியங்கள். ஓர் அடைமொழிகூட இல்லை. கீழே பெயரை எழுதினார்.

"தெளிவாக உள்ளது," என்றது ஆணைப்பொறி.

கதவுகள் திறந்தன. வீதிக் காற்று உள்ளே வந்தபோது மூவரும் வெட்கமில்லாமல் வாய் திறந்து செலவாளிகளைப் போல மூச்சு விட்டார்கள். ஜெபமணி, கணக்கில் ஆயிரத்து நூற்று முப்பத்தொரு நாள்மூச்சு என்று திருத்தி, படிவத்தில் முத்திரையை ஓங்கிக் குத்தினார். காதர் மைதீன் வாசல் வரை வந்து, பிள்ளை பிறந்ததும் கடைக்குச் சொல்லி அனுப்புங்கள், அன்றைக்கு அடுப்பு ஒரு மணி நேரம் கூடுதலாக எரியும் என்றார்.

கோவேந்தன் மருத்துவமனைக்கு நடந்தார்; ஓடினால் மூச்சு வீண். தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியம் எழுதியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் இரண்டு தெரு வரை நீடித்தது.

மூன்றாவது தெரு முனையில் செய்திப் பலகையில் அவர் பெயர் ஓடியது. வங்கியை மூடியவர் கோவேந்தன். ஒரு பெண் பலகையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். ஒருவன் பின்னாலிருந்து, "என் பொண்ணு கல்யாண மூச்சுவே அது" என்று கத்தினான். காற்றைப் பார்க்காமல் கத்தினான். அதற்குள் அருணகிரி அழைத்துவிட்டார்.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு? மூடினது தப்புன்னு நான் சொல்லலை. பேர எதுக்குவே போட்டீரு? இருபது வருசம் சர்வீஸ் உமக்கு. நேரா எழுதுனவன் எவனாவது நல்லா இருந்து பாத்திருக்கீரா? இனிமேலாவது பாத்து எழுதும்."

பார்த்து எழுதுவதாகக் கோவேந்தன் சொன்னார்.

மருத்துவமனையில் பிரசவப் பகுதிக்கு முன் ஒரு சிறிய இடைக்கூடம் உண்டு, இருபுறமும் கதவு. வெளிக்கதவு அவருக்குப் பின்னால் மூடியது. உள்கதவின் கண்ணாடிக்கு அப்பால் செவிலியர் அங்குமிங்கும் போவது தெரிந்தது. பத்திரத்தை உள்கதவருகே இருந்த ஒளிப்பலகையின் மேல் வைத்தார்.

"வணக்கம்," என்றது ஆணைப்பொறி. "ஆயிரத்து நூற்று முப்பத்தொரு நாள்மூச்சு. மகப்பேறு விதி மூன்றின்படி, பிறக்கும் குழந்தையின் பெயரில் போதிய வைப்பு இருத்தல் வேண்டும். பத்தாண்டு என்பது வழக்கம், விதியில் இல்லை. வங்கி விழுந்துவிட்டதால் இனி இங்கு வரும் பெற்றோர் பலரிடம் பத்தாண்டு இராது. எனவே கேட்கிறேன். விதியை வரைந்தவர் தாங்கள். இன்று தாங்கள் தந்த தெளிவுரை மிக நன்றாக இருந்தது. போதிய என்றால் எத்தனை?"

கண்ணாடியில் வெள்ளைக் கட்டம் தோன்றியது.

கோவேந்தனுக்கு முதலில் நம்ப முடியவில்லை. மூன்றாண்டு என்று எழுதினால் போதும். ஒரே சொல். கதவு திறக்கும். அவர் பிள்ளைக்கு மட்டுமல்ல, இந்த வாரம் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கும். மிச்ச ஏழாண்டுக் காற்றைச் சேர்க்கச் சுவர் இருக்கிறது, கை இருக்கிறது.

எழுத்தாணியை எடுத்தார். 'மூ' என்று எழுதினார்.

நாளைக் காலை செய்திப் பலகையில் என்ன ஓடும் என்று நினைத்தார். ஊரார் மூச்சை முப்பத்தொன்றாக்கியவன், தன் பிள்ளை வந்ததும் விதியை மூன்றாக்கினான். அந்த வரியின் கீழும் இதே பெயர். மூன்றாண்டு கழித்து எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளைக்குக் காற்றுப் போதாமல் போனால், அன்றைக்கும் இதே பெயர். ஐந்து என்று எழுதினாலோ கதவு திறக்காது. எண்ணே எழுதாமல், அதே சமயம் கதவு திறக்கும்படி, யாரும் விரல் நீட்ட முடியாதபடி ஒரு வாக்கியம் இருக்கத்தான் வேண்டும். இருபது வருடம் அவர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது அத்தகைய வாக்கியங்களைத்தானே.

'மூ'வை அழித்தார். எழுதினார்: 'குழந்தையின் நலனையும் தற்போதைய சூழலையும் கருத்தில்கொண்டு, போதிய என்பது அந்தந்த நேர்வுக்குப் போதிய அளவைக் குறிக்கும்.'

படித்துப் பார்த்தார். அழகான வாக்கியம். எங்கே தொட்டாலும் வழுக்கியது. காலையிலிருந்து முதல்முறையாக அவர் தோள்கள் இறங்கின. பெயரையும் எழுதினார்.

வெள்ளைக் கட்டம் மறைந்தது.

"பெயருடன் பெறப்பட்டது," என்றது ஆணைப்பொறி. "ஆவன செய்யப்படும்."

முன்னும் பின்னும் இரண்டு கதவுகளிலும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. காலையில் வங்கியில் கேட்ட அதே சத்தம்.

அவர் உள்கதவைத் தட்டினார். எண்ணைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். மூன்று, மூன்று என்று சொன்னார். தெளிவுரைக்கான திருத்தம் உரிய படிவத்தில், உரிய காலத்தில் ஏற்கப்படும் என்று குரல் பதில் சொன்னது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு செவிலி இரு கைகளிலும் எதையோ ஏந்திக்கொண்டு வேகமாகத் திரும்பினாள்.

அப்போது அழுகைச் சத்தம் வந்தது. நெஞ்சு நிறைய இழுத்து, துளியும் மிச்சம் வைக்காமல், கதவையும் கண்ணாடியையும் தாண்டி வந்தது. நிலாத்துறையில் அப்படி ஒரு செலவாளியை அவர் கேட்டதில்லை.

பலகையில் எழுத்துகள் ஒளிர்ந்தன: காத்திருக்கவும்.